இலவசக் கணக்குப்பிள்ளை

செல்போனில் ஒரு செயலியைத் திறந்தால், திறந்த நேரம் எங்கோ ஒரு கணக்கில் ஏறுகிறது.

எந்தப் பக்கத்தைப் பார்த்தார்? எத்தனை நிமிடம் பார்த்தார்? எந்தப் பொத்தானை அழுத்தினார்? எந்த இடத்தில் சலித்துப்போய் வெளியே போனார்? எல்லாம் பதிவாகிறது.

பதிவு செய்வது மனிதன் அல்ல, ஒரு கருவி. "அனலிடிக்ஸ்" என்று அதற்குப் பெயர். தமிழில் சொன்னால், கணக்கெடுக்கும் கருவி.

இணைய தளம் நடத்துகிறவர்களும், செயலி தயாரிக்கிறவர்களும் இந்தக் கணக்குப்பிள்ளையை வேலைக்கு வைக்கிறார்கள். வைக்கட்டும். அதில் தவறு இல்லை. கணக்குப் பார்க்காத வியாபாரம் உருப்படாது.

ஆனால், எப்படிப் பார்த்து வைக்கிறார்கள் என்பதில்தான் கோளாறு இருக்கிறது. "சம்பளம் எவ்வளவு?" என்று கேட்கிறார்கள். "சம்பளமே வேண்டாம்" என்று பதில் வருகிறது. உடனே சாவிக்கொத்தைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள்.

சம்பளம் வாங்காமல் ஒருவன் வேலை செய்தால், அவனுக்கு வேறு எங்கோ வருமானம் இருக்கிறது என்று அர்த்தம். அந்த வருமானம் எது என்று கேட்கிறவர்கள் குறைவு. கேட்காததால் வந்த கஷ்டம் கொஞ்சநஞ்சம் அல்ல.

முகம் தெரியாத வாடிக்கைக்காரர்

மளிகைக் கடைக்காரருக்குக் கருவி தேவை இல்லை. கல்லாவில் உட்கார்ந்தபடியே எல்லாம் அவருக்குத் தெரியும். காலையில் யார் வருவார், மாதக் கடைசியில் யார் கடன் கேட்பார், எந்தச் சோப்பு விற்கவில்லை என்று கண்ணாலேயே பார்த்துவிடுவார்.

இணைய தளம் வைத்திருப்பவருக்கு அந்த வசதி கிடையாது. கடைக்கு ஆயிரம் பேர் வந்தாலும் ஒரு முகமும் தெரியாது. பாதிப் பேர் வாசலோடு திரும்பிப் போனாலும் தெரியாது.

ஆகவே, கணக்கெடுக்கும் கருவி அவருக்குக் கண் போன்றது. விலைப்பட்டியலைப் பார்த்த பிறகு எல்லோரும் ஓடிவிடுகிறார்கள் என்று தெரிந்தால், விலையைத் திருத்தலாம். பணம் கட்டும் பக்கத்தில் தடுமாறுகிறார்கள் என்று தெரிந்தால், அந்தப் பக்கத்தை எளிமை ஆக்கலாம்.

இது நியாயமான தேவை. இதை யாரும் மறுக்க முடியாது.

எப்படி எண்ணுகிறது?

இணைய தளத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் சில வரி நிரலை ஒட்டிவைப்பார்கள். பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியாது.

பக்கம் திறந்ததும் அந்த நிரல் வேலை செய்யத் தொடங்கும். எந்தப் பக்கம், என்ன நேரம், என்ன வகைப் போன், ஏறக்குறைய எந்த ஊர், எந்தத் தளத்தில் இருந்து வந்தார் என்ற விவரங்களைக் கணக்குப்பிள்ளையின் ஆபீசுக்கு அனுப்பிவிடும்.

பல கருவிகள் இதோடு நிற்பது இல்லை. வந்தவருடைய போனில் ஒரு எண்ணை எழுதிவைத்துவிடும். கோவில் வாசலில் செருப்புக்கு டோக்கன் கொடுப்பதைப் போல! இந்த டோக்கனுக்கு "குக்கீ" என்று பெயர். மறுநாள் அதே போன் வந்தால், "நேற்று வந்தவர்தான் இவர்" என்று கருவி கண்டுகொள்ளும்.

கோவில் டோக்கன், செருப்பை வாங்கியதும் கைமாறிவிடுகிறது. இந்த டோக்கன் மாதக் கணக்கில் போனிலேயே கிடக்கும். வித்தியாசம் அதுதான்.

இலவசம் வந்த கதை

1990-களில் கணக்கெடுப்பு வேறு விதமாக இருந்தது. தளம் இருக்கும் கம்ப்யூட்டரிலேயே ஒரு பதிவேடு இருக்கும். யார் எதைக் கேட்டாலும் அதில் ஒரு வரி விழும். மாதக் கடைசியில் அந்தப் பதிவேட்டைக் கூட்டிப் பார்ப்பார்கள். கணக்கு முதலாளி வீட்டிலேயே இருந்தது.

அப்போதும் தம்பட்டத்துக்குக் குறைவு இல்லை. ஒரு பக்கத்தில் 20 படம் இருந்தால், அதை ஒருவர் ஒரு தடவை பார்த்தாலும் பதிவேட்டில் 21 வரி விழும். "எங்கள் தளத்துக்கு 21 வருகை!" என்று சிலர் மார்தட்டிக்கொண்டார்கள். வந்தவர் என்னவோ ஒருவர்தான்!

2005-ம் ஆண்டு நிலைமை மாறியது. அமெரிக்காவில் சான் டியாகோ நகரில் "அர்ச்சின்" என்ற கம்பெனி இருந்தது. கணக்கெடுக்கும் மென்பொருளைக் காசுக்கு விற்றது. அந்தக் கம்பெனியைக் கூகிள் விலைக்கு வாங்கியது. அதே ஆண்டு நவம்பரில், "கூகிள் அனலிடிக்ஸ்" என்று பெயர் சூட்டி இலவசமாகக் கொடுத்தது.

கூட்டம் அலைமோதியது. தாங்க முடியாமல், புதிதாகச் சேருவதைச் சில நாட்களில் நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. பிறகு 2006-ல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். உலகில் மிக அதிகமான தளங்களில் உட்கார்ந்திருக்கும் கணக்குப்பிள்ளை அதுவே ஆயிற்று.

கூகிளின் முக்கிய வருமானம் விளம்பரம். எந்தத் தளத்தில் எந்த விளம்பரம் பலன் தருகிறது என்று கணக்குக் காட்டினால், விளம்பரம் கொடுப்பவர்கள் இன்னும் கொடுப்பார்கள். இதில் ஒளிவு மறைவு இல்லை. வியாபாரம்தான்.

ஆனால் இன்னொரு மாற்றமும் சந்தடி இல்லாமல் நடந்துவிட்டது. முதலாளி வீட்டில் இருந்த கணக்கேடு, கணக்குப்பிள்ளையின் வீட்டுக்குப் போய்விட்டது!

பெண்களின் அந்தரங்கம்

இதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். "ஃப்ளோ" என்ற செயலியின் கதையைப் பார்த்தால் புரியும்.

பெண்கள் மாதவிலக்குத் தேதியைக் குறித்துவைப்பதற்கான செயலி அது. கர்ப்பம் தரித்தால் அதையும் குறித்துக்கொள்ளலாம். 10 கோடிக்கும் அதிகமானவர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். தாயிடமும் கணவனிடமும்கூடச் சொல்லத் தயங்கும் விஷயத்தை அதில் எழுதினார்கள். "உங்கள் விவரத்தை ரகசியமாக வைப்போம்" என்று செயலி வாக்குக் கொடுத்திருந்தது.

அந்தச் செயலிக்குள் கணக்குப்பிள்ளைகள் பலர் இருந்தார்கள். பேஸ்புக்கின் கருவி, கூகிளின் கருவி, இன்னும் சில கம்பெனிகளின் கருவிகள். எந்தப் பொத்தானை எத்தனை பேர் அழுத்துகிறார்கள் என்று எண்ணுவதற்காக அவற்றை வைத்திருந்தார்கள்.

எண்ணுவதற்கு ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு பெயர் வேண்டும் அல்லவா? செயலி எழுதியவர்கள் பச்சையாகவே பெயர் வைத்தார்கள். "கர்ப்ப வாரம் தேர்ந்தெடுக்கப்பட்டது" என்று பொருள்படும் பெயர் ஒன்று. ஒரு பெண் அந்தப் பொத்தானைத் தொட்டதும், அந்தப் பெயரோடு தகவல் வெளியே பறந்தது. அவள் கர்ப்பிணி என்பது, ஊர் பேர் தெரியாத கம்பெனிகளின் கணக்கில் ஏறிவிட்டது.

2019 பிப்ரவரியில் "வால் ஸ்ட்ரீட் ஜர்னல்" பத்திரிகை இதை வெளியிட்டது. அதன் பிறகே தகவல் போவது நின்றது என்று அமெரிக்க அரசாங்கத்தின் வர்த்தக கமிஷன் குற்றம் சாட்டியது. 2021-ல் சமரசம் ஏற்பட்டது. இனி அனுமதி கேட்காமல் தகவல் கொடுக்கக் கூடாது, வாங்கியவர்கள் அதை அழிக்கும்படி செயலி சொல்ல வேண்டும் என்று உத்தரவு ஆயிற்று. ஃப்ளோ கம்பெனி, தான் தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளவில்லை.

விவகாரம் அதோடு முடியவில்லை. பெண்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2025 ஆகஸ்டில், பேஸ்புக்கின் தாய்க் கம்பெனியான மெட்டா, கலிபோர்னியா மாநிலத்தின் ஒட்டுக்கேட்புத் தடைச் சட்டத்தை மீறியதாக ஜூரிகள் தீர்ப்புக் கூறினார்கள். மெட்டா அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. யாரும் பூட்டை உடைக்கவில்லை. யாரும் திருடவில்லை. கணக்கெடுக்கும் கருவியை யோசிக்காமல் வைத்தார்கள். அவ்வளவுதான். அதற்கே இந்தக் கதி!

ஆஸ்பத்திரி வாசலிலும்

2022 ஜூனில் "தி மார்க்கப்" என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனம் ஒரு சோதனை நடத்தியது. அந்த நாட்டின் புகழ்பெற்ற 100 ஆஸ்பத்திரிகளின் தளங்களைத் திறந்து பார்த்தது. 33 தளங்களில் பேஸ்புக்கின் கருவி இருந்தது. டாக்டரைப் பார்ப்பதற்கு நேரம் குறிக்கும் பொத்தானை அழுத்தியதும், தகவல் பேஸ்புக்குக்குப் போயிற்று. எந்த டாக்டர், என்ன வியாதி என்ற விவரமும் சில தளங்களில் இருந்து சேர்ந்து போயிற்று. செய்தி வந்த பிறகு, பல ஆஸ்பத்திரிகள் கருவியை அவசரமாக எடுத்தன.

2023-ல் "குட்ஆர்எக்ஸ்" என்ற மருந்து விலைத் தளத்துக்கு அதே வர்த்தக கமிஷன் நடவடிக்கையால் 15 லட்சம் டாலர் அபராதம் விழுந்தது. யார் என்ன மருந்து தேடினார் என்ற தகவலை விளம்பரக் கம்பெனிகளுக்குக் கொடுத்தது என்பது புகார்.

இன்னொரு வகைக் கருவியும் இருக்கிறது. பார்ப்பவர் விரலை எங்கே வைக்கிறார், என்ன எழுதுகிறார், எழுதியதை எப்படி அழிக்கிறார் என்று சினிமாப் படம்போலப் பதிவு செய்வது அதன் வேலை. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2017-ல் இதைச் சோதித்தார்கள். புகழ்பெற்ற 482 தளங்களில் இப்படிப்பட்ட கருவி இருந்ததைக் கண்டார்கள். சில இடங்களில் கடவுச்சொல்கூடப் பதிவில் சிக்கியது. பக்கத்தை நேர்த்தி செய்வதற்கு என்று வைத்த கருவி, வீட்டுச் சாவியைப் பிரதி எடுத்துவிட்டது!

முதலாளிக்கும் நஷ்டம்

வாடிக்கைக்காரருக்கு மட்டும்தான் நஷ்டம் என்று நினைத்தால் அது தவறு. தளத்தின் முதலாளியும் ஏமாந்து நிற்க நேர்ந்தது.

கூகிள் தன் பழைய கணக்கு முறையை 2023 ஜூலை 1-ந்தேதியோடு நிறுத்தியது. புதிய முறைக்கு மாறச் சொன்னது. முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்திருந்தது என்பது உண்மை. ஆனால், பழைய கணக்கைப் புதிய ஏட்டுக்குக் கொண்டுபோக வழி இல்லை. 2024 ஜூலை முதல் பழைய ஏடுகளைத் திறந்து பார்க்கவும் முடியாமல் போயிற்று.

பத்து, பதினைந்து ஆண்டுக் கணக்கு! எந்தப் பொங்கலுக்கு விற்பனை ஏறியது, எந்த ஆண்டு இறங்கியது என்ற சரித்திரம்! தனியாக எடுத்துவைத்தவர்கள் பிழைத்தார்கள். எடுத்துவைக்காதவர்கள் கையைப் பிசைந்தார்கள்.

புதிய முறையிலும் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பது இல்லை. தனித்தனி ஆட்களைப் பற்றிய விவரம், இலவசக் கணக்கில் சாதாரணமாக 2 மாதம்தான் தங்கும். அமைப்பை மாற்றினால் 14 மாதம் தங்கும். இரண்டு தீபாவளியை நுணுக்கமாக ஒப்பிட நினைப்பவர், முதல் நாளே அதை மாற்றியிருக்க வேண்டும்.

கணக்கேடு பிறர் வீட்டில் இருந்தால், கதவைச் சாத்தும் உரிமையும் அவர்களுக்குத்தான்.

ஐரோப்பாவில் எழுந்த வழக்கு

ஐரோப்பாவில் 2018 மே 25-ந்தேதி முதல் கடுமையான தகவல் பாதுகாப்புச் சட்டம் அமலில் இருக்கிறது. ஆஸ்திரியா நாட்டு வக்கீல் மாக்ஸ் ஷ்ரெம்ஸ் தொடங்கிய அமைப்பு, 2020-ல் ஒரே மூச்சில் 101 புகார்கள் கொடுத்தது. "எங்கள் மக்களைப் பற்றிய கணக்கு அமெரிக்காவுக்குப் போகிறது. அங்கே உளவு இலாகா அதைப் பார்க்க முடியும்" என்பது வாதம்.

2022 ஜனவரியில் ஆஸ்திரியாவின் அதிகாரிகள் அந்த வாதத்தை ஏற்றார்கள். பிப்ரவரியில் பிரான்சும், ஜூனில் இத்தாலியும் அதே வழியில் முடிவு சொல்லின. 2023 ஜூலையில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் புதிய உடன்பாடு செய்துகொண்ட பிறகு கெடுபிடி தளர்ந்தது.

இடைப்பட்ட காலத்தில் தளம் நடத்தியவர்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. கருவியை வைத்திருப்பதா, எடுப்பதா என்று தெரியாமல் தவித்தார்கள். இலவசமாக வந்த கணக்குப்பிள்ளைக்காக வக்கீலுக்குப் பீஸ் கொடுத்தவர்களும் உண்டு!

பிரான்சு நாடு ஒரு நல்ல வழியும் காட்டியது. தளத்தின் முதலாளிக்காக மட்டும் எண்ணுகிற கருவி, வேறு தளங்களோடு முடிச்சுப் போடாத கருவி, ஆளை அடையாளம் காட்டாத கருவி ஆகியவற்றுக்கு, வருகிறவரிடம் அனுமதி கேட்கத் தேவை இல்லை என்று விலக்கு அளித்தது. எண்ணுவது வேறு, வேவு பார்ப்பது வேறு என்று சட்டமே கோடு போட்டுக் காட்டிவிட்டது.

வேறு ஆட்களும் உண்டு

வேறு கணக்குப்பிள்ளைகள் கிடைக்காமல் இல்லை.

"மட்டோமோ" என்று ஒரு கருவி. 2007-ல் "பிவிக்" என்ற பெயரில் பிறந்தது. 2018-ல் பெயர் மாற்றிக்கொண்டது. இதன் நிரல் எல்லோரும் பார்க்கும்படி திறந்து கிடக்கிறது. சொந்த சர்வரில் வைத்துக்கொண்டால் காசு இல்லை. கணக்கேடு சொந்த வீட்டிலேயே இருக்கும்.

"பிளாசிபிள்" என்பது எஸ்டோனியா நாட்டில் 2019-ல் தொடங்கியது. இது டோக்கன் கொடுப்பது இல்லை. எத்தனை பேர் வந்தார்கள், எந்தப் பக்கம் பார்த்தார்கள், எங்கிருந்து வந்தார்கள் என்று ஒரே பக்கத்தில் காட்டிவிடும். அவர்கள் சர்வரில் வைத்து நடத்த மாதச் சந்தா உண்டு.

செயலிகளுக்கு வேறு வகைக் கருவி வேண்டும். "மிக்ஸ்பேனல்" 2009-ல் வந்தது. "ஆம்ப்ளிடியூட்" 2012-ல் வந்தது. எந்தப் பொத்தானை அழுத்தியவர் அடுத்து எதை அழுத்தினார், புதிதாகச் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தார்கள் என்பதை இவை நன்றாகக் காட்டும். ஆனால் பொத்தானுக்குப் பெயர் வைக்கும்போது, ஃப்ளோ கதையை நினைவில் வைக்க வேண்டும். கத்தி கூர்மையானால் கையும் வெட்டும்.

மறுதரப்பு நியாயம்

"இதெல்லாம் பணம் உள்ளவர்கள் பேச்சு. ஊறுகாய் விற்கும் சிறு வியாபாரி மாதச் சந்தாவுக்கு எங்கே போவார்? சர்வர் வைத்து நடத்த ஆள் எங்கே கிடைக்கும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். இலவசக் கருவியால் முன்னுக்கு வந்த சிறு வியாபாரிகள் ஏராளம். அதை மறைப்பது தர்மம் ஆகாது.

சொந்த சர்வர் என்றால் தொல்லையும் உண்டு. அதைப் பழுது பார்க்க வேண்டும். பூட்டு சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால், சொந்த வீட்டிலேயே திருடு போகும்.

ஆகவே, இலவசக் கருவியே கூடாது என்பது அல்ல வாதம். ஊறுகாய்க் கடைத் தளத்தில் அதை வைத்தால் பெரிய கேடு வந்துவிடாது. டாக்டர் தளத்தில், கடன் கொடுக்கும் தளத்தில், பள்ளிக்கூடச் செயலியில், பெண்களின் உடல்நலச் செயலியில் வைப்பதற்கு முன் பத்து முறை யோசிக்க வேண்டும். சரக்கைப் பார்த்துத்தான் காவல்காரனை வைக்க வேண்டும்.

எதை எண்ணுவது?

பலர் செய்யும் பெரிய தவறு, கருவியை முதலில் வாங்கிவிட்டுக் கேள்வியைப் பிறகு தேடுவது.

இலவசக் கருவி நூறு வகைக் கணக்குக் காட்டும். படம் போட்டுக் காட்டும். கோடு ஏறினால் முதலாளி குதிக்கிறார். இறங்கினால் சோர்கிறார். "சரி, இதைப் பார்த்து நீங்கள் எதை மாற்றினீர்கள்?" என்று கேட்டால் பதில் இல்லை!

லட்சம் பேர் வந்தார்கள் என்பது பெருமை. அவர்களில் எத்தனை பேர் பொருள் வாங்கினார்கள் என்பதுதான் கணக்கு. ஆயிரம் பேர் வந்து 30 பேர் வாங்கும் கடை, லட்சம் பேர் வந்து 20 பேர் வாங்கும் கடையைவிட மேல். இது புரிந்தவருக்கு நாலு எண் போதும்.

கருவி சொல்வது எல்லாம் வேதவாக்கும் அல்ல. விளம்பரத்தைத் தடுக்கும் மென்பொருள் வைத்திருப்பவர்களைப் பல கருவிகள் எண்ணுவதே இல்லை. ஒரே ஆள் போனிலும் கம்ப்யூட்டரிலும் பார்த்தால், இரண்டு ஆளாகக் கணக்கு ஏறலாம். குடும்பம் முழுவதும் ஒரே போனில் பார்த்தால், நாலு பேர் ஒருவராகிவிடுவார்கள். கணக்கைத் திசை காட்டும் பலகையாக வைத்துக்கொள்ளலாம். தராசாக நம்பக் கூடாது.

கேட்க வேண்டிய கேள்விகள்

கருவியைத் தேர்ந்தெடுப்பவர் கேட்க வேண்டியவை இவை:

1. தெரிந்துகொள்ள விரும்புவது என்ன? அதற்கு எத்தனை எண் தேவை?

2. கணக்கேடு எங்கே இருக்கும்? எந்த நாட்டில்? யார் யார் அதைத் திறந்து பார்ப்பார்கள்?

3. கருவி கொடுக்கும் கம்பெனிக்கு வருமானம் எதில் இருந்து வருகிறது?

4. கணக்கு எத்தனை மாதம் தங்கும்? வேறு கருவிக்கு மாறினால் எடுத்துக்கொண்டு போக முடியுமா?

5. வாடிக்கைக்காரர் எதிரே வந்து, "என்னைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறாய்? காட்டு" என்று கேட்டால், கூச்சம் இல்லாமல் காட்ட முடியுமா?

முதல் நாலு கேள்விக்கும் காகிதத்தில் பதில் எழுதிவிடலாம். ஐந்தாவது கேள்வி மனச்சாட்சிக்கு. அதில் தேறாத கருவி, எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

சட்டமும் வருகிறது

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று இந்தியாவின் சுப்ரீம் கோர்ட்டு 2017 ஆகஸ்டு 24-ந்தேதி தீர்ப்பு அளித்தது. 9 நீதிபதிகள் சேர்ந்து ஒருமுகமாகச் சொன்ன தீர்ப்பு அது. கர்நாடகத்தைச் சேர்ந்த ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி தொடர்ந்த வழக்கு.

அதன் பிறகு, 2023 ஆகஸ்டில் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்தார்கள். தகவலைப் பத்திரமாக வைக்கத் தவறினால், 250 கோடி ரூபாய் வரை அபராதம் போட அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

குழந்தைகளைப் பற்றி அதில் கண்டிப்பான ஒரு பிரிவு உண்டு. 18 வயது ஆகாதவர்களின் தகவலைப் பெற்றோர் அனுமதி இல்லாமல் எடுக்கக் கூடாது. அவர்கள் நடமாட்டத்தைத் தொடர்ந்து கவனிக்கவும் கூடாது. சில விலக்குகள் உண்டு என்றாலும், விதி அதுதான். பாடம் சொல்லித்தரும் செயலியும், விளையாட்டுச் செயலியும் நடத்துகிறவர்கள், தங்கள் கணக்குப்பிள்ளை என்ன எழுதுகிறான் என்று இப்போதே எட்டிப் பார்ப்பது நல்லது.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

கருவியைத் தேர்ந்தெடுப்பது கடைக்காரர் வேலை. ஆனால், கடைக்குப் போகிறவர்களும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தேவை இல்லை.

ஐபோனில் 2021 ஏப்ரல் முதல் ஒரு வசதி இருக்கிறது. பிற கம்பெனிகளின் செயலிகளிலும் தளங்களிலும் ஆளைப் பின்தொடர விரும்பும் செயலி, முதலில் அனுமதி கேட்க வேண்டும். "வேண்டாம்" என்று சொல்லிவிடலாம். புதிய ஆண்ட்ராய்டு போன்களில், விளம்பரத்துக்காகக் கொடுத்துள்ள அடையாள எண்ணை அமைப்புப் பகுதியில் அழித்துவிடலாம்.

தளத்தைத் திறந்ததும் "எல்லாவற்றையும் ஏற்கிறேன்" என்ற பொத்தான் பளபளவென்று நிற்கும். "மறுக்கிறேன்" என்பது அதன் ஓரத்தில் மங்கலாக இருக்கும். அவசரப்படாமல் மங்கலான பொத்தானை அழுத்தினால், பெரும்பாலும் தளம் வழக்கம்போலவே திறக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உடல்நலம், கடன், குழந்தை ஆகிய மூன்றைப் பற்றியும் எந்தச் செயலியிலும் எழுதுவதற்கு முன்னால், ஒரு நிமிடம் யோசிப்பது நல்லது.

முதலாளி யார்?

அந்தக் காலத்து வியாபாரிகள் கணக்குப்பிள்ளையை வேலைக்கு வைக்குமுன், ஆளை விசாரிப்பார்கள். எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, முன்பு எங்கே வேலை பார்த்தான் என்று கேட்பார்கள். கல்லாவை விடக் கணக்கேடு பெரிது என்று அவர்களுக்குத் தெரியும். கல்லாவில் இருப்பது கடைக்காரரின் பணம். கணக்கேட்டில் இருப்பது ஊராரின் குடும்ப விவரம். யார் எவ்வளவு கடன், யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் கஷ்டம் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

அந்த ஏட்டை வெளியே கொடுத்த கடைக்காரரை ஊர் மன்னிக்காது.

இன்று கடை செல்போனுக்குள் வந்துவிட்டது. ஏடும் மாறிவிட்டது. ஆனால் நம்பி வருகிறவர்கள் அதே ஜனங்கள்தான். அவர்கள் பொருள் வாங்க வந்தார்கள். தங்களைப் பற்றி எழுதிக்கொடுக்க வரவில்லை.

தேவையானதை மட்டும் எண்ணுகிறவன், எண்ணியதை எஜமானனிடம் மட்டும் சொல்லுகிறவன், வேலை முடிந்ததும் ஏட்டை மூடுகிறவன். அப்படிப்பட்ட கணக்குப்பிள்ளைக்குச் சம்பளம் கொடுத்தாலும் தகும். இல்லாவிட்டால், சம்பளம் வாங்காத அந்த ஆளுக்காக ஊர் ஜனங்கள் விலை கொடுக்க வேண்டியதாகிவிடும்.